அடுத்த தவணை

சூரியன் திரும்பி மூன்றாவது நாள்.
கடன் கொடுத்தவனைத் தெருமுனையில் கண்டவன் போல
அக்கரை மேட்டுக்குப் பின்னால்
வந்த வேகத்தில் நழுவிவிட்டது.
அந்த வாரம்தான் ஹால்வார் வருவார், வருடா வருடம்,
வார்டோவிலிருந்து கடலடிச் சுரங்கம் நுழைந்து
எழுபத்தைந்து கிலோமீட்டர்,
மீன்பெட்டியில் ஒரு பூனையோடு.
இம்முறை இரண்டு.

"வழியெல்லாம் ஒப்பாரி.
சுரங்கத்துக்குள் மட்டும் வாயை மூடிக்கொண்டன.
தலைக்கு மேலே எவ்வளவு மீன் என்று
கணக்குப் போட்டிருக்கும்."

மூத்தவள் ஸ்னெர்க்.
காய்ச்சிய பாலின் மேல் படியும் ஆடைக்கு
எங்கள் பக்கத்துப் பெயர் அது.
பதினைந்து வயது.
சன்னல் விளிம்பைத் தாண்டிய உலகம்
அவளுக்கு வெறும் வதந்தி.
இளையவனுக்குப் பெயரே இல்லை.
அக்டோபரில், மீன் உலர்த்தும் பரணடியில் கிடைத்தவன்.
காது கிழிந்திருக்கிறது.
ஊரையே விலைக்கு வாங்கியவனின் பார்வை.

"ரெண்டுக்கும் எல்லாத்தையும் போட்டுவிடு."

எல்லாம் என்று ஒன்று இல்லை, ஹால்வார்.

இவனுக்கு முதலில் ரத்தம் பார்க்க வேண்டும்.
கடிக்கிறான், கடிபடுகிறான்;
ரத்தப்புற்று வைரஸ் எச்சிலில்தான் பயணிக்கும்.
இல்லையென்றால் அதற்கொரு ஊசி.
குடலைக் கரைக்கும் கொள்ளைநோய்க்கும்
தும்மல் சளி இரண்டுக்கும் சேர்த்து இன்று ஒன்று,
நாலு வாரம் கழித்து மறுபடி.
பிறகு இவன் போக்கைப் பார்த்து, அநேகமாக வருடம் ஒருமுறை.
வெறிநோய்க்கு?
தேசத்தின் எல்லை தாண்டினால் போடுவோம்.
இவன் தாண்டுவது பக்கத்து வீட்டு வேலி.

பின்னங்காலில், தாழ்வாகக் குத்தினேன்.
"பிடரியில் போடுவாயே முன்பெல்லாம்?"
ஆயிரக்கணக்கில் ஒன்றுக்கு, குத்திய இடத்தில் கட்டி வரலாம்.
காலை எடுத்துவிடலாம்.
பிடரியை என்ன செய்வது?
அவர் தன் பிடரியை ஒருமுறை தடவிக்கொண்டார்.

பிறகு ஸ்னெர்க்.
அட்டை நிறைய என் கையெழுத்து.
வருடம் ஒன்று, வருடம் ஒன்று;
அப்போது அப்படித்தான் எழுதினோம்.
இப்போது தெரிகிறது,
பாதுகாப்பு நாங்கள் நினைத்ததைவிட நெடுநாள் தங்குகிறது.
வீட்டைவிட்டு இறங்காதவளுக்கு
மூன்று வருடத்துக்கு ஒன்று போதும்.
போன ஜனவரியில் போட்டாயிற்று.
இன்று வேண்டாம்.

ஹால்வார் பேசவில்லை.
தொப்பியை மடக்கினார், விரித்தார்.
"கைவிட்டுவிட்டாயா இவளை?"

இல்லை, என்று தராசில் வைத்தேன்.
மூன்று கிலோ நூறு.
போன வருடம் மூன்றரைக்கு மேல்.
ஊசி தடுக்கக்கூடிய எதுவும்
அந்த அரைக்கிலோவைத் தின்னவில்லை.
சிறுநீரகத்துக்கு ரத்தம் எடுத்தேன்.
அதற்கு அவள் என்னைக் கடித்தாள்,
ஒரு பல்லை வைத்துக்கொண்டு முடிந்த மட்டும்.

"மூன்று வருடம் என்றால் அடுத்தது எப்போது?"
இன்னும் இரண்டு ஜனவரி, என்றேன்.
அவர் விரல்விட்டு எண்ணினார்,
அவள் வயதை அல்ல என்று பட்டது.
"வண்டி ஓட்ட எனக்கு டாக்டர் சான்றிதழ் தருகிறான்.
எண்பத்தொன்று ஆயிற்றே, ஒரு வருடத்துக்கு மேல்
எழுத மாட்டானாம்.
இவளுக்கு மூன்றா?"
உரக்கச் சிரித்தார்.
பெட்டிக்குள் இரண்டும் பதுங்கின.

"எழுது அதை அட்டையில்.
பென்சில் வேண்டாம்."

எழுதினேன், நீல மையில், தேதியோடு.
இதுவரை எத்தனையோ தேதி எழுதியிருக்கிறேன்;
எதற்கும் கை இப்படித் தயங்கியதில்லை.

இளையவனின் அட்டை பாக்கி.
பெயர்?
"மூன்று," என்றார். "மூன்று என்றே போடு."
நாலு வாரத்தில் கொண்டுவர வேண்டும், மறக்காதீர்கள்.
"நாலு வாரம் தாராளமாக ஓட்டுவேன்."

பணம் எண்ணும்போது கேட்டார்,
போடாத ஊசிக்கு எவ்வளவு என்று.
கேலியா என்று முகத்தைப் பார்த்தேன்,
தெரியவில்லை.

நாலு மணிக்குள் நல்ல இருட்டு.
வாகன நிறுத்தத்தில் அவர் விளக்கு
ஒருமுறை தவறாகப் பின்னோக்கிப் போய்,
நின்று, யோசித்து,
கடல் பக்கம் திரும்பியது.